மகளிர் குழு எதனால நிக்குது, எதனால உடையுது

எங்க ஊர்ல கூட்டா சேர்ந்து ஆரம்பிச்சது நிறைய இருக்கு, நின்னது ரொம்ப கம்மி. இளைஞர் நற்பணி மன்றம்னு போர்டு வெச்சு ரெண்டு மூணு பொங்கலுக்கு கபடி நடத்துனாங்க, அப்புறம் வசூல் பணத்துக்கு ஒருத்தன் கணக்கு கேட்டான், அதோட ரெண்டு கோஷ்டியாயிடுச்சு. நாலு பேர் பங்கு போட்டு ஒரு போர் போட்டாங்க, தண்ணி நல்லாவே வந்துச்சு, யார் எப்ப மோட்டார் போடறதுங்கற முறையில தகராறு வந்து இப்ப பேச்சுவார்த்தையே இல்ல. எங்க தாத்தா இருந்தவரைக்கும் ஒரே அடுப்பா இருந்த வீடு அவர் போனப்புறம் மூணு அடுப்பாச்சு. இத்தனைக்கும் நடுவுல எங்க அம்மா இருக்குற மகளிர் சுய உதவிக் குழு, நான் ஸ்கூல் படிக்கிறப்ப ஆரம்பிச்சது, இன்னும் மாசாமாசம் நடந்துட்டு இருக்கு. உள்ள இருக்குறவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் உயிரா இருக்காங்களான்னு கேட்டா அப்படியெல்லாம் கிடையாது, குழாயடியில சண்டை போடறவங்க தான், வரப்பு தகராறுல பேசாம இருக்குறவங்க கூட உண்டு. ஆனா கூட்டத்தன்னைக்கு எல்லாரும் வந்து உக்காருவாங்க. இது எப்படின்னு எனக்கு பல வருஷமா ஒரு யோசனை, கிட்ட இருந்து பாத்ததையும் அங்க இங்க படிச்சதையும் வெச்சு எனக்கு தோணுனத இங்க எழுதறேன்.

நாங்க தர்மபுரி பக்கம். தமிழ்நாட்டுல இந்தக் குழுக்கள் அரசு திட்டமா முதல்ல ஆரம்பிச்சதே எங்க மாவட்டத்துல தான், 1989ல, ஐஃபாட்ங்கற ஐநா-வோட வேளாண்மை வளர்ச்சி நிதியத்தோட உதவியோட, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மூலமா. அப்போ கிருஷ்ணகிரியும் தர்மபுரிக்குள்ள தான் இருந்துச்சு, 2004ல தான் பிரிஞ்சுது. மானாவாரி பூமி, பொம்பளப் பிள்ளைனா பாரம்னு நினைச்ச காலம், பெண் சிசுக்கொலைக்கு பேர் போன மாவட்டம்னு பேப்பர்ல வந்த ஊர், இங்க தான் இருபது பொம்பளைங்க சேர்ந்து உக்காந்து மாசம் பத்து ரூபா இருபது ரூபா சேத்து வெக்கறதுன்னு ஆரம்பிச்சாங்க. வீட்டு ஆம்பளைங்க முதல்ல சிரிச்சாங்கன்னு அம்மா சொல்வாங்க, அப்புறம் ஆஸ்பத்திரி செலவுக்கு ராத்திரி பத்து மணிக்கு குழுப் பணத்துல இருந்து எடுத்துக் குடுத்தப்ப சிரிப்பு நின்னு போச்சு.

கூட்டம் எப்படி நடக்கும்னு சொல்லணும், ஏன்னா எல்லாமே அதுல தான் இருக்கு. சாயங்காலம் மாடு கறந்து சொசைட்டியில பால் ஊத்திட்டு வந்து, வீட்டுல களி கிண்டி வெச்சுட்டு, ஏழரை மணி போல மாரியம்மன் கோயில் மண்டபத்துல வந்து உக்காருவாங்க. ஒரு தகரப் பெட்டி, அதுக்குள்ள தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு, கடன் பேரேடு, ஆளுக்கு ஒரு சின்ன பாஸ்புக், ஒரு ஸ்டாம்ப் பேடு. ஊக்குநரா, அதாவது குழுவ முன்ன நின்னு நடத்துறவங்களா இருக்குற அக்கா பேர் கூப்பிடுவாங்க, கூப்பிட்டவங்க எல்லார் முன்னாடியும் சந்தாவ கீழ வெக்கணும், கடன் இருந்தா அசல் இவ்வளவு வட்டி இவ்வளவுன்னு வாய் விட்டு சொல்லிட்டு வெக்கணும். பிரதிநிதி எண்ணுவாங்க. எழுதத் தெரிஞ்சவங்க எழுதுவாங்க. எல்லாம் முடிஞ்சதும் மொத்தமா வாசிக்கணும், இன்னைக்கு சந்தா இவ்வளவு, கடன் வரவு இவ்வளவு, வட்டி இவ்வளவு, அபராதம் இவ்வளவு, கையில இவ்வளவு, பேங்குல இவ்வளவுன்னு. அந்த வாசிக்கிற நேரத்துல மட்டும் யாரும் பேச மாட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா இருக்காங்க, அவங்க விரல்லயே கணக்கு போட்டு "நில்லு, போன மாசம் பெட்டியில முந்நூறு இருந்துச்சே, அது எங்க"ன்னு கேப்பாங்க. அது ஸ்டேஷனரி வாங்குனதுன்னு பில்லு காட்டுற வரைக்கும் கையெழுத்து போட மாட்டாங்க. ஊக்குநர் அக்காவுக்கு அது அவமானமா இருக்குமோன்னு நான் நினைச்சிருக்கேன், அவங்க சொன்னது என்னன்னா, "அந்தம்மா கேக்கறதால தான் நான் நிம்மதியா தூங்கறேன், என் மேல யாரும் பழி போட முடியாது பாரு."

இந்த ஒரு வரிய நான் ரொம்ப பெருசா எடுத்துக்கறேன். நம்ம ஊர்ல கணக்கு கேட்டா நம்பிக்கை இல்லனு அர்த்தமாயிடுது. "என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு ஒருத்தர் கேட்டுட்டா அடுத்த வார்த்தை பேச முடியாது. குழுவுல இது தலைகீழா இருக்கு. கணக்கு கேக்கறது அங்க யார் மேலயும் சந்தேகப்படறதா ஆகாது, அது கூட்டத்தோட ஒரு வேலை, யார் ஊக்குநரா வந்தாலும் கேப்பாங்க, யாரும் கேக்காட்டி வாசிச்சே ஆகணும். கேள்வி தனி ஆளு மேல போகாததால மனசுல எதுவும் தங்கறதில்ல. இளைஞர் மன்றத்துல அந்தப் பையன் கணக்கு கேட்டது தப்பே கிடையாது, முதல் வருஷத்துல இருந்தே யாரும் கேக்காம மூணாவது வருஷம் ஒருத்தன் மட்டும் கேட்டதால தான் அது குத்தமா மாறிடுச்சு.

குழுவுக்கு இருபது பேருக்கு மேல கூடாதுன்னு ஒரு வரம்பு இருக்கு, நிறைய பேருக்கு அது ஏன்னு தெரியாது. லாப நோக்கத்தோட இருபது பேருக்கு மேல சேர்ந்து நடத்துற எதையும் பதிவு செஞ்சே ஆகணும்னு 1956 கம்பெனி சட்டத்துல இருந்துச்சு, அதுல இருந்து வந்த கணக்கு தான் இது. ஆனா சட்டத்துக்காக வெச்ச வரம்பு மனுஷங்களுக்கும் சரியா பொருந்திப் போச்சுன்னு தான் சொல்லணும், ஏன்னா இருபது பேர்னா ஒவ்வொருத்தர் வீட்டுல என்ன நடக்குதுன்னு மத்த எல்லாருக்கும் தெரியும், யாருக்கு உண்மையிலயே முடியல, யாரு சாக்கு சொல்றாங்கன்னு சொல்லாமலே புரியும்.

இதுக்கு கர்நாடகாவுல நடந்த ஒரு விஷயம் இருக்கு. மைராடான்னு பெங்களூருவ தலைமையிடமா வெச்ச ஒரு தொண்டு நிறுவனம், 1980கள்ல கிராமங்கள்ல கூட்டுறவு சங்கங்கள ஆரம்பிச்சு வெச்சிருந்தாங்க. பெரிய சங்கங்கள், நிறைய உறுப்பினர்கள். அதுல பலது 1984, 85 வாக்குல உடைஞ்சு போச்சு, காரணம் தலைவர்கள், எல்லாத்தையும் ஒரு ஆளே கையில வெச்சுகிட்டது. அப்போ அந்த சங்கத்துல இருந்த ஜனங்க சின்ன சின்ன கூட்டமா வந்து, நாங்க வாங்குன கடன திருப்பிக் கட்டறோம், ஆனா அந்த சங்கத்துல கட்ட மாட்டோம், அத ஆட்டிப் படைக்கிற ஆள்கிட்ட குடுக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. சரி உங்களுக்குள்ளயே கட்டிக்கோங்கன்னு நிறுவனம் விட்டுடுச்சு. அந்த சின்னக் கூட்டங்கள் தான் குழுக்களா மாறுச்சு. யோசிச்சுப் பாத்தா ஆச்சரியம், கட்ட வேணாம்னு யாரும் சொல்லல, யார்கிட்ட கட்டறதுங்கறது தான் பிரச்சனை. ஒருத்தர ஒருத்தர் நம்புறவங்க ஏற்கனவே ஊருக்குள்ள சின்ன சின்னக் கூட்டமா இருந்திருக்காங்க, வெளிய இருந்து வந்தவங்க கண்ணுக்கு அது தெரியல, அவங்க மேல ஒரு பெரிய சங்கத்த போர்த்திட்டாங்க. அதுக்கப்புறம் 1992ல நபார்டுங்கற விவசாய, கிராம வளர்ச்சி வங்கி ஐநூறு குழுக்கள வெச்சு பேங்கோட இணைக்கிற சோதனைத் திட்டத்த ஆரம்பிச்சுது, இப்ப நாடு முழுக்க லட்சக்கணக்குல குழுக்கள் இருக்கு.

கட்ட முடியாதவங்கள என்ன பண்றாங்கங்கறது தான் ஒரு குழுவோட உண்மையான சோதனை. நல்லா போறப்ப எல்லா கூட்டமும் ஒற்றுமையா தான் இருக்கும். எங்க தெருவுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலைக்குப் போன இடத்துல கால் உடைஞ்சு வந்து படுத்துட்டார். அவங்க குழுவுல மாடு வாங்க கடன் எடுத்திருந்தாங்க. அந்த மாசக் கூட்டத்துக்கு அவங்க வரமாட்டாங்கன்னு தான் எல்லாரும் நினைச்சாங்க, வந்தாங்க, சந்தா மட்டும் வெச்சாங்க, கடனுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல பேச்சு. ஒருத்தர் "வட்டியாச்சும் கட்டட்டும், இல்லன்னா நாளைக்கு எல்லாரும் இதே சொல்வாங்க"ன்னாங்க. இன்னொருத்தர் "வட்டி யாருக்குப் போகுது, நமக்கு தான வருது, நம்ம விட்டா என்ன"ன்னாங்க. இது பெரிய பாயிண்ட், குழுவோட உள்கடன்ல நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டினா அந்த ரெண்டு ரூபா வெளிய யார் பைக்கும் போறதில்ல, குழுவோட பொதுப் பணத்துலயே சேருது. கடைசியில மூணு மாசத்துக்கு அசல் நிறுத்தி வெக்கறது, வட்டிய அப்புறமா கட்டிக்கறது, ஆனா சந்தாவும் வருகையும் தவறக் கூடாதுன்னு தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டாங்க. வட்டி கட்டணும்னு கறாரா பேசின அதே அம்மா மறுநாள் அவங்க வீட்டுக்கு அரை மூட்டை கேழ்வரகு அனுப்புனாங்க, அது தனி.

அதே குழுவுல இன்னொரு கேஸ். வீட்டுல வசதி இருக்கு, மாந்தோப்பு குத்தகை பணம் வந்துருச்சுன்னு ஊருக்கே தெரியும், ஆனா ரெண்டு மாசமா கட்டல. முதல்ல கூட்டத்துல சொன்னாங்க. அடுத்த மாசம் அபராதம் போட்டாங்க. அதுக்கும் அசையலன்ன உடனே அஞ்சாறு பேர் சேர்ந்து அவங்க வீட்டுத் திண்ணையில போய் உக்காந்துட்டாங்க, சண்டை எதுவும் போடல, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு மழை பத்தியும் மாங்கா விலை பத்தியும் பேசிட்டு இருந்தாங்க. அன்னைக்கு சாயந்தரமே பணம் வந்துருச்சு. இந்த ரெண்டு பேருக்கும் ஒரே நோட்டுல ஒரே விதி தான் எழுதியிருக்கு. ஆனா ஒருத்தருக்கு வளைஞ்சு குடுத்தாங்க, ஒருத்தருக்கு வளையல, எதுக்கு வளையணும் எதுக்கு கூடாதுன்னு முடிவு பண்ற அதிகாரம் அந்த மண்டபத்துல உக்காந்திருந்தவங்க கையிலயே இருந்துச்சு.

எலினோர் ஆஸ்ட்ரோம்னு ஒரு அமெரிக்க அறிஞர், 2009ல பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்குனவங்க, அந்தப் பரிசு வாங்குன முதல் பெண். பொதுவான ஏரி, காடு, மேய்ச்சல் நிலம், மீன்பிடி இடம் இதெல்லாம் ஜனங்களே சேர்ந்து பல தலைமுறையா எப்படி அழியாம காப்பாத்தறாங்கன்னு உலகம் முழுக்க பாத்தவங்க. நீண்ட நாள் நிக்குற இடங்கள்ல அவங்க பார்த்ததுல சிலது, யார் உள்ள யார் வெளியங்கறது தெளிவா இருக்கு, விதிய அதுக்கு கட்டுப்படறவங்களே போட்டுக்கறாங்க, கண்காணிக்கிறதும் அவங்களே, தப்பு பண்ணா முதல்ல சின்ன தண்டனை, திரும்பத் திரும்ப பண்ணா தான் பெருசு, சண்டை வந்தா செலவில்லாம பேசித் தீக்க ஒரு இடம் இருக்கு. நான் இத படிச்சப்ப எனக்கு நேரா கோயில் மண்டபமும் அஞ்சு ரூபா அபராதமும் அந்தத் திண்ணையும் தான் ஞாபகம் வந்துச்சு. எங்க ஊர் பொம்பளைங்களுக்கு ஆஸ்ட்ரோம் யாருன்னு தெரியாது, ஆனா அவங்க கண்டுபிடிச்ச அதே இடத்துக்கு தான் இவங்களும் வந்து சேர்ந்திருக்காங்க.

இப்ப உடைஞ்ச குழுக்கள பத்தி. எங்க பஞ்சாயத்துலயே உடைஞ்சது நிறைய இருக்கு. லோன் வருதாம்னு கேள்விப்பட்டு ஒரே வாரத்துல சேர்ந்த குழுக்கள் பெரும்பாலும் லோன் வந்த உடனே கலைஞ்சு போச்சு, பணத்த சமமா பிரிச்சுகிட்டாங்க, அப்புறம் கூட்டம் எதுக்கு. சிலது கட்சிக் கூட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போக பயன்பட்டு அதுலயே கரைஞ்சு போச்சு. அதிகமா உடைஞ்சது ஒரே ஆளு நோட்டு, பாஸ்புக், செக் புக் எல்லாத்தையும் வீட்டுல வெச்சுகிட்ட குழுக்கள் தான். கூட்டம் நடக்காது, ஊக்குநர் வீட்டு பையன் மொத்தமா உக்காந்து ஆறு மாசத்துக்கு தீர்மானம் எழுதுவான், வீடு வீடா போய் கையெழுத்து வாங்கிட்டு வருவான். அந்த அம்மா நேர்மையானவங்களா கூட இருக்கலாம், காசு ஒரு ரூபா கூட குறையாம இருக்கலாம். ஆனா மத்தவங்க எல்லாம் கடன் வாங்குறவங்களா மட்டும் ஆயிடறாங்க. ஒரு நாள் ஒரு சின்ன சந்தேகம் வரும், அத கேக்க இடம் இருக்காது, குழாயடியில பேசுவாங்க, அது சுத்தி வந்து ஊக்குநர் காதுல விழும், முடிஞ்சுது.

இன்னும் மோசமா உடைஞ்ச ஒண்ண சொல்லணும், எனக்கு அத நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. வாரக் குழுன்னு சொல்வாங்க, தனியார் நிதி நிறுவனங்க குடுக்குற குழுக் கடன். ஆதார் கார்டு, போட்டோ, அவ்வளவு தான், அஞ்சு பேர் பத்து பேர் சேர்ந்தா போதும், வீட்டுக்கே வந்து குடுப்பாங்க. ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன். வாரா வாரம் இல்லன்னா மாசாமாசம் ஒரு வீட்டுல கூட்டம், வசூல் பண்ற பையன் பைக்ல வருவான். பாக்க அப்படியே மகளிர் குழு மாதிரியே இருக்கும், பங்களாதேஷ்ல முகமது யூனுஸ் கிராமீன் வங்கியில செஞ்ச அஞ்சு பேர் குழு முறையில இருந்து வந்தது தான் இது, அவருக்கும் வங்கிக்கும் 2006ல அமைதிக்கான நோபல் பரிசு குடுத்தாங்க. எங்க தெருவுல அதே பொம்பளைங்க தான் இதுலயும் இருந்தாங்க, சந்தா குழுவுல பல வருஷமா ஒண்ணா உக்காந்தவங்க.

என்ன நடந்துச்சுன்னா, கொரோனா முடிஞ்ச சமயம், ஒரு பொண்ணு தவணைக்கு பணம் இல்லாம அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வசூலுக்கு வந்தவன் "ஒருத்தங்க கட்டலன்னாலும் நான் எழுந்திரிக்க மாட்டேன், மத்தவங்க போட்டுக் கட்டுங்க"ன்னு உக்காந்துட்டான். ராத்திரி ஒன்பதரை மணி. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க சாப்பிடாம காத்திருக்கு. மத்தவங்க ஆளுக்கு கொஞ்சம் போட்டாங்க. அடுத்த தடவையும் அதே. மூணாவது தடவை அவங்களே அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னு சத்தம் போட்டாங்க, அவ மாமியார் கிட்ட அசிங்கமா பேசுனாங்க, குக்கர தூக்கிட்டுப் போறோம்னாங்க. கால் உடைஞ்சவர் வீட்டுக்கு மூணு மாசம் தவணை தள்ளி வெச்ச அதே பொம்பளைங்க. அதுல ரெண்டு பேர் சின்ன வயசுல இருந்து சிநேகிதிங்க, இன்னைக்கு வரைக்கும் பேசறதில்ல, எதிர்ல வந்தா தலைய திருப்பிக்கறாங்க.

அவங்க கெட்டவங்களா மாறிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டுலயும் கூட்டுப் பொறுப்பு இருக்கு, ரெண்டுலயும் ஒருத்தர் கட்டலன்னா மத்தவங்களுக்கு வலி. ஆனா இங்க விதிய வளைக்கிற உரிமை உள்ள யாருக்கும் கிடையாது, அது எங்கயோ ஒரு ஆபீஸ்ல இருக்கு, வட்டியும் அங்க தான் போகுது. அந்தப் பொண்ணு ஏன் கட்டலன்னு பேச அந்தக் கூட்டத்துல நேரமே இல்ல. தள்ளி வெக்கலாமான்னு கேக்க ஆள் இல்ல. அவங்களுக்கு மிச்சமிருந்தது ஒருத்தர ஒருத்தர் நெரிக்கிறது மட்டும் தான். ஆந்திராவுல இதே குழுக் கடன் நெருக்கடியால தற்கொலைகள் வரைக்கும் போய் 2010 அக்டோபர்ல அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்துச்சு, தமிழ்நாட்டுலயும் கடன் வசூலுக்காக மிரட்டறது தொல்லை பண்றது இதையெல்லாம் தண்டிக்கறதுக்குன்னு 2025ல தனிச் சட்டம் வந்துச்சு. சட்டம் வசூல் பண்றவன நிறுத்தலாம். அந்த ரெண்டு பேரையும் பேச வெக்க அதால முடியாது.

ஒற்றுமைய பத்தி பேசறப்ப இன்னொன்ன மறைக்கக் கூடாதுன்னு நினைக்கறேன். குழுவுல சேர்றவங்க ஒரே தெருக்காரங்க, ஒரே தெருனா நம்ம ஊர்ல ஒரே சாதின்னு தான் பெரும்பாலும் அர்த்தம். எங்க அம்மா குழுவும் அப்படித்தான். ஊர்த்தெரு குழு கோயில் மண்டபத்துல கூடுது, காலனி குழு அங்கன்வாடி வாசல்ல கூடுது. உள்ள இவ்வளவு இறுக்கமா இருக்குற கூட்டம் வெளிய இருக்குறவங்களுக்கு கதவு சாத்துன கூட்டமாவும் இருக்கு. நம்பிக்கை ஏற்கனவே இருக்குற இடத்துல தான் குழு நிக்கும்னு சொன்னா, அந்த நம்பிக்கை சாதியோட எல்லையில நின்னு போறதையும் சேத்து தான் சொல்லணும். இதுல எனக்கு கொஞ்சம் நம்பிக்கை குடுக்குறது பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பு. எல்லா குழுவுல இருந்தும் பிரதிநிதிங்க போய் ஒரே பாயில உக்காரணும், ஒரே நோட்டுல கையெழுத்து போடணும், காலனிக் குழுவோட அக்கா தலைவியா வந்தா ஊர்த்தெரு குழுக்களோட கடன் மனுவுலயும் அவங்க தான் கையெழுத்து போடணும். எங்க பஞ்சாயத்துல அப்படி ஒருத்தங்க வந்தாங்க. முதல் வருஷம் சிலர் கூட்டத்துக்கே போகல. ஆனா அவங்க வாசிச்ச கணக்குல ஒரு பைசா பிசகு இல்ல, பேங்குல மேனேஜர் கிட்ட தைரியமா பேசி மூணு குழுவுக்கு நின்னு போன கடன வாங்கிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் வராதவங்களும் வந்தாங்க. அவங்க வீட்டுல டீ குடிக்கிறாங்களான்னு கேட்டா, எல்லாரும் குடிக்கறதில்ல, எங்க அம்மா குடிக்கறாங்க. இது போதாது, எனக்குத் தெரியும்.

குடும்பத்துக்கு வரேன். எங்க தாத்தா வீடு மூணா பிரிஞ்சத நான் முன்னாடி எழுதினேன் இல்லையா, அதுல யாரும் கெட்டவங்க கிடையாது. சித்தப்பா பெங்களூருல வேலை செஞ்சு மாசாமாசம் பணம் அனுப்புனார், பெரியப்பா ஊர்ல நிலத்த பாத்துகிட்டு தாத்தா பாட்டிய வெச்சு காப்பாத்துனார், அப்பா ரெண்டுக்கும் நடுவுல ஓடிட்டு இருந்தார். யார் எவ்வளவு போட்டாங்க, எது எதுக்கு செலவாச்சுன்னு யாரும் எழுதல, கேக்கல. "அண்ணன் தம்பிக்குள்ள என்ன கணக்கு"ன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தாங்க. பாட்டியும் போனப்புறம் பாகம் பிரிக்க உக்காந்தப்ப தான் தெரிஞ்சுது ஆளாளுக்கு மனசுக்குள்ள ஒரு கணக்கு எழுதி வெச்சிருக்காங்கன்னு. சித்தப்பா கணக்குல அவர் அனுப்புன ஒவ்வொரு மணியார்டரும் இருக்கு, பெரியப்பா கணக்குல ராத்திரி கண்ணு முழிச்சு பாட்டிக்கு மருந்து குடுத்தது ஒவ்வொண்ணும் இருக்கு, ஒருத்தர் நோட்டுல இருக்குறது இன்னொருத்தர் நோட்டுல இல்ல. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. மாசத்துக்கு ஒரு தடவை மூணு பேரும் திண்ணையில உக்காந்து இது இவ்வளவு வந்துச்சு, இது இவ்வளவு போச்சு, அம்மாவ பாத்துக்கறது அண்ணி, அதுக்கு நாம என்ன செய்யறோம்னு வாய் விட்டு பேசியிருந்தா பிரிஞ்சிருக்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பிரிஞ்சாலும் கல்யாணத்துக்கு வந்து நின்னிருப்பாங்க.

குறிப்பா அந்த ராத்திரி கண்ணு முழிச்சது. காசு அனுப்புனா ரசீது இருக்கும், பணிவிடைக்கு ரசீது கிடையாது. எந்த வீட்டுலயும் அத செய்யறது பெரும்பாலும் பொம்பளைங்க. பெரியம்மா அத்தனை வருஷம் செஞ்சத பாகம் பிரிக்கிற அன்னைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல, அவங்க உள்ள அடுப்படியில எல்லாருக்கும் சோறு வடிச்சுட்டு இருந்தாங்க. குழுவுல கூட நோட்டு எழுதறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கறாங்க, பேங்குக்கு போறவங்களுக்கு பஸ் காசு குடுத்து அத நோட்டுல எழுதறாங்க. சின்ன தொகை தான். உழைப்ப கண்டுக்கறாங்கங்கறது பெருசு.

என் வேலையிடத்த பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. டீம் அவுட்டிங், ஒரே கலர் டீஷர்ட் எல்லாம் பாத்தாச்சு, நல்லா தான் இருந்துச்சு. ஆனா நாங்க உண்மையிலயே ஒரு டீமா இருந்தது முன்னாடி இருந்த ஒரு மேலாளர் காலத்துல, அவர் வெள்ளிக்கிழமை தவறாம எல்லாரையும் உக்கார வெச்சு யார் கையில என்ன வேலை இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்வார், சுமை அதிகமா இருக்குறவங்ககிட்ட இருந்து அங்கயே பிரிச்சு இன்னொருத்தருக்கு குடுப்பார். இல்லன்னு சொல்லவும் அங்கயே உரிமை உண்டு.

அம்மா குழுவுல இப்ப ஒரு புது விவகாரம் ஓடிட்டு இருக்கு. சின்ன வயசு மருமகள்ங்க மூணு பேர் புதுசா சேர்ந்திருக்காங்க, அதுல ஒரு பொண்ணு ஓசூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு போறா, கம்பெனி பஸ் வந்து ஏத்திட்டு போகும், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அவ சந்தாவ கூகுள் பேல அனுப்பிடறா. முதல் தேதியே வந்துரும், ஒரு நாள் கூட லேட் இல்ல. ஆனா ஆள் வர்றதில்ல. அந்த விரல் கணக்கு பெரியம்மா இத ஒத்துக்கவே இல்ல, "பணம் வந்துருச்சு சரி, நான் அவ முகத்த பாத்து நாலு மாசமாச்சு, நாளைக்கு அவ அம்பதாயிரம் கேட்டா நான் எத நம்பி கையெழுத்து போடறது"ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணோட மாமியார், அவங்களும் அதே குழு, "அவ வேலைக்குப் போய் தான் சம்பாதிக்கறா, உங்கள மாதிரி சாயந்தரம் வீட்டுல இருக்க முடியுமா"ன்னு மருமகளுக்காக பேசினாங்க, இது நடக்கும்னு பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் நினைச்சிருக்க மாட்டேன். ரெண்டு கூட்டம் இதே பேச்சு.

இப்போதைக்கு எழுதியிருக்குற தீர்மானம் இது. சந்தா போன்ல அனுப்பலாம், அனுப்புனத ஊக்குநர் கூட்டத்துல எல்லாரும் பாக்குற மாதிரி காட்டணும். தொடர்ந்து ரெண்டு கூட்டத்துக்கு வராதவங்களுக்கு அடுத்த கடன்ல முறை தள்ளிப் போகும். ஷிப்ட்ல இருக்குறவங்களுக்காக ஒரு மாசம் சாயந்தரம், ஒரு மாசம் ஞாயித்துக்கிழமை காலையில கூட்டம். ஞாயித்துக்கிழமைனா மத்தவங்களுக்கு கறி வாங்கி சமைக்கிற நாள், சந்தை நாள், அதனால ஆறேழு பேருக்கு பிடிக்கல, ஆனாலும் கையெழுத்து போட்டிருக்காங்க. ஆறு மாசம் பாத்துட்டு மறுபடி பேசலாம்னு கீழ ஒரு வரி சேத்து எழுதியிருக்காங்க. அந்த வரிய எழுதச் சொன்னது அந்த கம்பெனிக்குப் போற பொண்ணு.